இரண்டு பல் மன்னன்

கருவேலந்திடலில் பழம்பெரும் விழாவுக்குப் பதினெட்டாவது முறையாகக் கொடியேற்றிய அன்று காலை பத்தேகால் மணிக்கு, ஊருக்கு மேற்கே தொல்லியல்காரர்கள் தோண்டிப் பார்த்துவிட்டு வேலி போட்டுப் போன குழிகளில் மூன்றாவது குழியிலிருந்து ஒருத்தி ஏறி வந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வேலியோரம் ஆடு பத்திக்கொண்டு போன பேச்சியிடம், இங்கே புதைத்த என் தாழி எங்கே என்று கேட்டாள். அது மியூசியத்துக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது என்று பேச்சி சொன்னாள். சொல்லிவிட்டு, வெயில் ஏறுகிறது, கொடியேற்றத்துக் கூழ் தீர்வதற்குள் போய் ஒரு சொம்பு வாங்கிக் குடி என்று வழியும் காட்டினாள். இரண்டாயிரம் வருஷம் கழித்து வந்தவளுக்கு எங்கள் ஊர் கொடுத்த வரவேற்பு அதுதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அவள் பெயர் எயினி. பிள்ளையைத் தேடி வந்திருந்தாள். அது எங்களுக்குப் புரிய எட்டு நாள் ஆனது, ஆனால் உங்களை அப்படி எட்டு நாள் காக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் பேச்சில் பாதி உடனே புரிந்தது, மீதிப் பாதி அவள் பேசி முடித்துவிட்டுப் போன பிறகு புரிந்தது. முதல் நாளே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பதும் அப்படிப் பிறகு புரிந்ததுதான்.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், விழா நாடகத்துக்கு வசனம் எழுதுகிறவனும் நானே. எயினி வருவதற்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் குழியில் ஒரு பெரிய மண் தாழி கிடைத்தது, அதன் தோளில் ஆணியால் கீறியது போலக் கொற்றன் என்று எழுதியிருந்தது. பெயர் எழுதி வைக்கிற அளவுக்கு ஒரு ஆள் என்றால் அவன் மன்னனாகத்தான் இருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலும் ரேஷன் அட்டையும் இல்லாத காலத்தில் வேறு யார் பெயரை எதற்கு எழுதப் போகிறார்கள் என்று டீக்கடையில் வைத்து ஊரே முடிவு கட்டியது. தாழிக்குள் சிறு எலும்புகளும் ஒன்பது மணிகளும் இருந்ததாக அறிக்கையில் ஒரு வரி வந்தது. அந்த வரி என் வசனத்துக்கு ஒத்துவரவில்லை, தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த வருஷமே பேரரசன் கொற்றன் தன் படையோடு கருவேலந்திடலுக்கு வந்தான், பொட்டலில் பந்தல் போட்டு, அட்டையில் கோட்டை கட்டி, நாலு ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க, பகைவரை வென்று கொலுவிருந்தான், அன்றிலிருந்து வருஷா வருஷம் வந்துகொண்டே இருந்தான். மன்னன் வேடம் எப்போதும் மினி பஸ் ஓட்டுகிற சோணைமுத்துவுக்குத்தான், ஏனென்றால் அவருக்குத் தோள் அகலம், மைக் இல்லாமலே குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். படைவீரர்கள், பணிப்பெண்கள், பார்க்க வருகிற கூட்டம் என்று பொட்டலுக்குள் கால் வைக்கிற எல்லோரும் பழங்கால உடுப்பில்தான் வர வேண்டும் என்பது விதி, அதைக் காவல் காக்கிறவள் தையல்கடை ஜெயக்கொடி. அவள் கணக்கில் பழங்காலம் என்றால் வெல்வெட், ஜரிகை, மார்பில் அட்டைப் பதக்கம்.

விழாவின் கடைசி நாள் ஒரு வழக்கம் உண்டு. போர் முடிந்து மன்னன் கொலுவில் அமர்ந்ததும் கூட்டத்தில் இருந்து ஒரே ஒரு ஆள் எழுந்து ஒரு வழக்குச் சொல்லலாம், நாடக வழக்கல்ல, நிஜ வழக்கு. மன்னன் சொல்கிற தீர்ப்பை ஊர் மீறாது, பொழுது சாய்வதற்குள் அதை நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் கிரீடத்தை இறக்கி வைத்துவிட வேண்டும், அதோடு விழாவும் முடிந்தது. பேசாதிருந்த அண்ணன் தம்பி பேசியதும், வாய்க்கால் மறிப்பு உடைந்ததும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த கடை இடம் மாறியதும் அட்டைக் கிரீடம் வைத்த சோணைமுத்துவின் வாயால்தான். வேஷம் கட்டிய ஒருவருக்கு நாங்கள் இப்படிக் கட்டுப்பட்டு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஊரின் மேல் மதிப்புக் கூடுகிறது.

கூழ் குடிக்க வந்த எயினியை ஜெயக்கொடி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இடுப்பில் சுற்றிய முரட்டுப் பருத்தித் துணியையும் கையில் கிடந்த ஒற்றைச் சங்கு வளையலையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது பழைய காலத்து உடுப்பு இல்ல தாயி, உள்ள விட முடியாது" என்றாள். மூன்றாம் குழியில் இருந்து வருகிறாளாம் என்று பேச்சி பின்னாலிருந்து சொன்னதும், அதற்கென்ன, விதி விதிதான் என்று சொல்லிவிட்டு, அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, அன்று மத்தியானமே அளவெடுத்துச் சிவப்பு வெல்வெட்டில் மேலங்கி வெட்டிவிட்டாள். எட்டு நாளும் எயினி அங்கேதான் தங்கினாள்.

ஊர் அவளைச் சுலபமாக உள்ளே இழுத்துக்கொண்டது. மகளிர் குழுக் கூட்டத்தில் அவளுக்கும் பாய் விரித்தார்கள். குழாயடியில் அவளுக்கும் வரிசை கொடுத்தார்கள். மிளகாயை ஒரு தரம் நாக்கில் வைத்துவிட்டு அன்று முழுக்க எங்களை அவள் பரிதாபமாகப் பார்த்தாள், அதன் பிறகு ஜெயக்கொடி அவளுக்கென்று தனியாக மிளகு தட்டிப் போட்டாள். மினி பஸ்ஸைப் பார்த்து அவள் மிரளவில்லை, டிவியைப் பார்த்து வாய் பிளக்கவில்லை, இவை எல்லாம் இல்லாமலும் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம் என்பது போல ஒரு நடை. எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவள் வியந்தது ஒரே ஒன்றைப் பார்த்து. நாலாம் நாள் அங்கன்வாடியில் தடுப்பூசி போட்டார்கள். வரிசையில் நின்று வீறிட்ட பிள்ளைகளை எயினி சுவரோரம் உட்கார்ந்து காலையில் இருந்து பார்த்தாள், பிறகு, ஏன் இவர்களைக் குத்துகிறீர்கள் என்று கேட்டாள். காய்ச்சலில் சாகாமல் இருக்கத்தான் என்று ஜெயக்கொடி சொன்னாள். இந்த ஊரில் எத்தனை பிள்ளை செத்தது என்று கேட்டாள். ஜெயக்கொடி நர்ஸைப் பார்த்தாள், நர்ஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்பது வருஷமாக ஒன்றுகூட இல்லை என்றாள். எயினி எழுந்து போய் நர்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். மன்னர் காலத்து மனுஷி ஊசி போடுகிற கையைக் கும்பிட்டாள் என்று அன்று மாலை டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொண்டோம், ஏன் கும்பிட்டாள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஏனென்றால் நாங்கள் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. வந்த அன்றே நான் நோட்டும் பேனாவுமாக அவள் எதிரே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாழியில் இருந்தது யார் என்று கேட்டேன், கொற்றன் என்றாள். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன், எனக்கு மயிர் கூச்செறிந்தது, பதினேழு வருஷம் நான் எழுதிய வசனத்துக்கு நேரில் பார்த்த சாட்சி கிடைத்துவிட்டதே. அவருக்கு நீ என்ன செய்வாய் என்றேன். குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன், தூங்க வைப்பேன் என்றாள். அந்தப்புரத்துப் பணிப்பெண் என்று எழுதிக்கொண்டேன்.

கொற்றன் எப்படி இருப்பார் என்றேன். அழகு, முன்னால் இரண்டு பல் என்றாள். போரில் மற்றப் பல்லெல்லாம் போயிருக்கும் என்று சோணைமுத்து உருகிப்போனார், அன்றிலிருந்து ஒத்திகைக்கே பல்லில் கறுப்பு மை தடவி இரண்டை மட்டும் வெள்ளையாக விட்டுக்கொண்டார். எப்படி வருவார் என்றேன். மண்ணில் தவழ்ந்து வருவான், சத்தமே கேட்காது, திரும்பிப் பார்த்தால் காலடியில் இருப்பான் என்றாள். இதுவரை உலகத்தில் எந்தப் படையும் செய்யாத தந்திரம் என்று எனக்குப் புல்லரித்தது, நூற்றைம்பது வீரர்கள் தவழ்ந்து போய்க் கோட்டையைப் பிடிக்கிற காட்சியை அன்று மாலைக்குள் எழுதி முடித்தேன். கண்டதை எல்லாம் வாயில் போட்டுக்கொள்வான் என்றாள், கண்ட நாட்டையெல்லாம் விழுங்கினான் என்று எழுதினேன். அழுதால் ஊருக்கே கேட்கும் என்றாள். மன்னன் அழுவதாவது, முழங்கினால் என்று திருத்திக்கொண்டேன்.

ஒவ்வொரு முறையும் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தாழியை எப்போது தருவீர்கள் என்று கேட்பாள். விழா முடியட்டும் என்போம். சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போவாள். அவளை ஏமாற்றிவிட்டேன் என்று இப்போது உறுத்துகிறது, அப்போது உறுத்தவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஜெயக்கொடி மட்டும் ஏழாம் நாள் என் கடைக்கு வந்து, "அண்ணே, அந்தப் பொம்பள என் பேத்திய ஒரு தடவகூடத் தூக்கல, ஆனா அது தூங்குறப்ப பக்கத்துலயே ஒக்காந்து பாக்குது, எனக்கு என்னமோ மாதிரி இருக்குண்ணே" என்றாள். நான் அப்போது தவழ்ப்படைக்கு முழங்கால் பட்டை நூற்றைம்பது ஜோடி வந்துவிட்டதா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பொட்டலில் எள் போட்டால் விழாத கூட்டம். எயினியை வெல்வெட்டும் ஜரிகையும் பதக்கமுமாக முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம், அந்த உடுப்பில்தான் அவள் பழங்காலத்து ஆள் மாதிரி இருக்கிறாள் என்று வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பறை முழங்கியது, அட்டைக் கோட்டையின் வாசல் திறந்தது, உள்ளிருந்து சோணைமுத்து கிரீடமும் கவசமுமாக நாலு காலில் தவழ்ந்து வந்தார். வந்தவர் கூட்டத்தைப் பார்த்து வாய் திறந்து சிரித்தார், இரண்டு பல் தெரிந்தது. பின்னால் நூற்றைம்பது பேர் தவழ, பொட்டல் முழுக்க ஒரே குரலில் கொற்றன், கொற்றன், கொற்றன் என்று கூவியது.

எயினி எழுந்தாள். தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். தவழ்ந்து வந்த படை அவளுக்கு வழிவிட்டு இரண்டாகப் பிரிந்தது. மன்னனுக்குப் பத்தடி முன்னால் போய் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள், எந்த வீட்டிலும் எந்தத் தாயும் தவழ்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற அதே மாதிரி.

சோணைமுத்து மூன்று பிள்ளைகளைத் தவழவிட்டுக் கை நீட்டி வாங்கியவர். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் விளங்கியது. அப்படியே நின்றுவிட்டார். மார்பில் குத்தியிருந்த சின்ன மைக் அவர் மூச்சு வாங்குவதைப் பொட்டல் முழுக்கச் சொன்னது. பிறகு அவர் குரல் கேட்டது, அவருடைய குரலாகவே இல்லை.

"தாயி, கொற்றன் சின்னப் புள்ளையா?"

"ஓராண்டும் நான்கு திங்களும்" என்றாள் எயினி.

பறை தானாக நின்றது. ஐயாயிரம் பேர் இருந்த இடத்தில் வேலியோரம் பேச்சியின் ஆடு ஒன்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது. நான் மேடை ஓரத்தில் வசன நோட்டோடு நின்றிருந்தேன், அதில் இருந்த ஒவ்வொரு வரியும் என் கண்ணெதிரே தன்னைத் தானே திருத்திக்கொண்டது, முழங்கினான் அழுதானாக மாறியது, விழுங்கிய நாடெல்லாம் மண்ணும் கல்லுமாக மாறியது. வெட்கமாக இருந்தது. கூடவே, பதினெட்டு வருஷமாக ஒரு ஊரே தெரியாமலே ஒரு கைக்குழந்தைக்குத் தோரணம் கட்டியிருக்கிறதே என்று ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.

சோணைமுத்து கொலு மண்டபத்துக்குப் போகவில்லை, சிம்மாசனத்தில் ஏறவில்லை, இருந்த இடத்திலேயே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வழக்குச் சொல்லு என்றார். அவள், என் பிள்ளையைத் தா என்றாள். சோணைமுத்து கிரீடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அது இறங்குமா இருக்குமா என்று அவருக்கே தெரியாது.

"பொழுது சாயுறதுக்குள்ள உன் புள்ள உன் மடியில இருக்கும்" என்றார்.

முப்பது கிலோமீட்டர். மன்னனே மினி பஸ்ஸை எடுத்தார், கிரீடத்தைக் கழற்ற நேரமில்லை. பின்னால் இரண்டு லாரியில் முழங்கால் பட்டை கட்டிய படை. மியூசியம் ஐந்து மணிக்கு மூடும், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிஷம் இருந்தது. காப்பாளர் பெனிட்டா மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எங்களை வரிசையாகப் பார்த்தார், வருஷா வருஷம் விழா நாளில் வேஷத்தோடு யாராவது வருவதுதான், அதனால் பயப்படவில்லை. சோணைமுத்து வழக்கைச் சொன்னார். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதிவேட்டில் ஏறிய பொருளை வெளியே கொடுக்க எனக்கு அதிகாரமில்லை, உரியவர் என்பதற்கு ஒரு சான்றும் இல்லாமல் யாராலும் கொடுக்க முடியாது என்று தன்மையாகவே சொன்னார்.

எயினி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தாழியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கழுத்தில் ஒன்பது மணி இருக்கும், எட்டு நீலம், ஒன்று சிவப்பு, நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கும் என்றாள். மேடம் அவள் பக்கம் திரும்பினார். சிவப்பு மணியைப் பற்றி மட்டும் இதுவரை மூன்று கட்டுரை வந்திருக்கிறது என்றும், அது அரச குலத்துக்கு அடையாளம் என்று இரண்டு பேரும் சடங்குக்கு உரியது என்று ஒருவரும் எழுதியிருக்கிறார்கள் என்றும் மெல்லச் சொல்லிவிட்டு, எதற்காக அம்மா அந்த ஒன்று மட்டும் சிவப்பு என்று கேட்டார்.

"நீலம் எட்டுத்தான் கிடைத்தது" என்றாள் எயினி.

பெனிட்டா மேடம் பதிவேட்டைத் திறந்தார். அதில் உரியவர் பெற்றுக்கொண்டார் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, மேலே யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று எங்களிடம் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டு சாவியை எடுத்தார். அந்தம்மாவை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை, ஆனால் நல்லவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் அவர் முகம்தான் எனக்கு வரும். தாழி இங்கேயே இருக்கட்டும், அவன் பேர் அதில் இருக்கிறது, வருகிறவர்கள் வாசிக்கட்டும் என்று எயினி சொன்னாள். எலும்புகளையும் மணிகளையும் ஏந்திக்கொள்ள அவள் கையில் துணி இல்லை. சோணைமுத்து தன் மன்னர் சால்வையை அவிழ்த்துக் கொடுத்தார், பதினெட்டு வருஷத்தில் ஜெயக்கொடியின் வெல்வெட் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது சோணைமுத்து ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியை முட்டையைக் கடத்துவது போல ஏற்றி இறக்கினார். பின்னால் வந்த லாரிகளில் நூற்றைம்பது பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வந்தார்கள், யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எதிரே வந்த ஒரு கல்யாண ஊர்வலம் எங்களைப் பார்த்து ஏனென்று தெரியாமலே பேண்டை நிறுத்தியது.

மூன்றாம் குழிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் கருவேல மரங்களுக்கு மேலே ஒரு சாண் இருந்தது. ஊர் முழுக்க வேலியைச் சுற்றி நின்றது. எயினி சால்வை மூட்டையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தாள். ஜெயக்கொடியின் பேத்தியிடம் வந்ததும் நின்று, முதல் முறையாக அதன் கன்னத்தைத் தொட்டாள். பிறகு சோணைமுத்துவிடம் போனாள். அவர் கிரீடம் வைத்த தலையைக் குனிந்தார், அவள் சால்வை நுனியை எச்சில் தொட்டு அவருடைய பல்லில் இருந்த கறுப்பு மையை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், முப்பத்திரண்டும் வெளியே தெரிகிற வரைக்கும் துடைத்தாள்.

"எல்லாப் பல்லும் முளைத்துவிட்டதே" என்றாள்.

ஐம்பத்தொரு வயசு ஆம்பிளை, மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல், அன்று அவர் அழுதது ஊருக்கே கேட்டது. எயினி குழிக்குள் இறங்கினாள், ஒவ்வொரு படியாக, பிள்ளை அலுங்காமல். சூரியன் மரத்துக்குக் கீழே போனபோது குழியில் மண் மட்டும் இருந்தது, சோணைமுத்துவின் கிரீடம் அவர் தலையிலேயே இருந்தது.

அடுத்த வருஷம் விழா நடக்குமா, நடந்தால் மன்னன் உண்டா என்று கமிட்டியில் நாலு நாள் வாதம். என்னிடம் வசனம் கேட்டார்கள், என்னிடம் வசனம் இல்லை என்றேன். கடைசியில் விழாவை நடத்தினோம், இப்போதும் நடத்துகிறோம், அப்போதைவிடக் கூட்டம் இருமடங்கு. ஜெயக்கொடி வெல்வெட்டை விட்டுவிட்டு முரட்டுப் பருத்திக்கு மாறிவிட்டாள், அதைக் கட்டாதவர்களை இப்போதும் வாசலில் நிறுத்துகிறாள். கடைசி நாள் மத்தியானம் மூன்று மணி ஆனதும் ஊரில் ஒலிபெருக்கி, டிவி, மில், மினி பஸ் எல்லாம் நின்றுவிடும், பறைக்காரர்கள் பறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார்கள், ஐயாயிரம் பேர் பத்தாயிரம் பேராகிப் பொட்டலில் மண்ணில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருப்பார்கள். சிம்மாசனம் இருந்த இடத்தில் ஒரு தூளி தொங்கும். சோணைமுத்து பக்கத்தில் உட்கார்ந்து அதை ஆட்டிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் வெளியூரில் இருந்து ஒரு பெரிய குடும்பம் காரில் தாமதமாக வந்து சேர்ந்து, பழங்கால மன்னனைப் பார்க்க வந்தோம், எங்கே மன்னன் என்று சத்தமாகக் கேட்டது. பத்தாயிரம் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சோணைமுத்து தூளிக் கயிற்றை விடாமல் மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவா" என்றார். "இப்பத்தான் தூங்குனான்."